30 படுக்கை மருத்துவமனைக்கு எந்த வழி? காகிதம், வாடகை மென்பொருள், சொந்த சர்வர்: ஓர் ஒப்பீடு

30 படுக்கை, நாளொன்றுக்கு 120 முதல் 150 ஓ.பி., உள்ளேயே ஒரு லேப், வாசலில் ஒரு பார்மசி, மூன்று டாக்டர்கள். தமிழ்நாட்டின் தாலுகா ஊர்களில் இந்த அளவு மருத்துவமனைகள் நிறைய உண்டு. கணினிக்கு மாறுவது பற்றி முடிவெடுக்க அதிகம் சிரமப்படுவதும் இவைதான். பெரிய மருத்துவமனையில் தனி ஐ.டி. பிரிவு இருக்கும். ஒற்றை டாக்டர் கிளினிக்குக்கு ஒரு நோட்டே போதும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களிடம் காப்பீட்டு நிறுவனம் கேஸ் ஷீட்டை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறது, நோயாளி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் கேட்கிறார், ஆடிட்டர் மருந்து இருப்பைக் கேட்கிறார், மென்பொருள் விற்பவர்கள் டெமோ காட்ட வரிசையில் நிற்கிறார்கள்.

வழிகள் மூன்று. காகிதத்தையே ஒழுங்காக வைத்துக்கொள்வது. மாத வாடகை கட்டி இணையம் வழியாக மென்பொருளைப் பயன்படுத்துவது. சொந்தமாக ஒரு சர்வர், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் தரவைத் தரும் மையக் கணினி, வைத்து அதில் திறந்த மூல மென்பொருளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) நிறுவுவது. விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் போய்ச் சேருவோம். மென்பொருள் வந்ததும் வேலை காணாமல் போய்விடாது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும். யாரிடமிருந்து யாருக்கு, நாளின் எந்த நேரத்தில் மாறுகிறது என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு பிரிக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு

ஐந்து மருந்துள்ள ஓ.பி. சீட்டைப் பேனாவில் எழுத, கை பழகிய டாக்டருக்கு அரை நிமிடம் போதும். அதையே திரையில் தேடி, அளவு, வேளை, நாள் எல்லாம் தேர்ந்தெடுக்க ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக ஒரு நிமிடம்தான். 150 பேருக்கு அது 150 நிமிடம். மூன்று டாக்டர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 நிமிடம். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும் நேரத்திலோ மதியச் சாப்பாட்டு நேரத்திலோதான் அந்த 50 நிமிடம் கைவைக்கும். பலன் போய்ச் சேருவது வேறு இடத்துக்கு: பார்மசியில் கையெழுத்தை உற்றுப் பார்க்க வேண்டாம், பில்லிங்கில் எதுவும் விடுபடாது, ஆடிட்டருக்குக் கணக்கு உடனே கிடைக்கும். சுமை ஒருவர் தலையில், பலன் மற்றவர்களுக்கு. இரண்டாவது மாதத்திலேயே டாக்டர் மறுபடி பேனாவை எடுப்பது இதனால்தான். அதைப் பிடிவாதம் என்று குறை சொல்வது நியாயமில்லை.

பணமும் ஆட்களும் நிறைந்த மருத்துவமனைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள சீடர்ஸ்-சினாய், டாக்டர்களின் எதிர்ப்பு காரணமாக 2003 ஜனவரியில் தன் ஆர்டர் மென்பொருளை (மருந்து, பரிசோதனை உத்தரவுகளை டாக்டர்கள் கணினியில் இடும் மென்பொருள்) நிறுத்தியது. அதைவிட வலிக்கும் உதாரணம் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை. வேறு இடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு விகிதம், மென்பொருள் வருவதற்கு முந்தைய 13 மாதங்களில் 2.80 சதவீதம், வந்த பிறகு 5 மாதங்களில் 6.57 சதவீதம். 2005இல் அவர்களே ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இது.

காரணங்களையும் அவர்களே எழுதினார்கள். முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசியில் சொல்லி மருந்தைத் தயாராக வைத்துவிடுவார்கள். புதிய ஏற்பாட்டில் குழந்தை வந்து, பதிவு முடிந்த பிறகுதான் ஆர்டர் போட முடிந்தது. சில வினாடியில் எழுதிய ஓர் ஆர்டருக்கு இப்போது பத்து கிளிக், ஒன்றிரண்டு நிமிடம். வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மத்திய பார்மசிக்குப் போயின. படுக்கையருகே நிற்க வேண்டியவர் திரையருகே நின்றார். அதே நிறுவனத்தின் மென்பொருளை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் நிறுவியது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு கூடவில்லை. இரண்டு இடத்திலும் மென்பொருள் ஒன்றுதான், வேலையை அமைத்த விதம் வேறு. நம் ஊர் 30 படுக்கை மருத்துவமனைக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்: நோயாளி வரும் முன்பே செய்யப்படும் வேலைகள் எவை என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றைப் பதிவு எண் இல்லாமலே செய்ய முடியுமா என்று டெமோவில் கேட்க வேண்டும்.

காகிதம்

ஒழுங்காக வைத்த கேஸ் ஷீட்டுக்குச் சில பலங்கள் உண்டு. எந்தத் திரையிலும் அவை இன்னும் முழுதாக வரவில்லை. காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் ஏறி இறங்கும் சார்ட்டை ஒரே பார்வையில் படிக்கலாம். மின்சாரம் போனாலும் இருக்கும். புதிதாகச் சேர்ந்த சிஸ்டருக்கும் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஒரே நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும் என்பதே அதன் பெரிய குறை. பில்லிங்கில் இருந்தால் வார்டில் இல்லை.

பழைய கேஸ் ஷீட் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் அடுக்கும் முறைதான் காரணம். 1, 2, 3 என்று வரிசையாக அடுக்கினால் புதிய ஃபைல்கள் எல்லாம் கடைசி அலமாரியிலேயே சேர்ந்து நெரியும், அங்கேதான் தவறும் நடக்கும். ஆறு இலக்க எண்ணைக் கடைசி இரண்டு இலக்கத்திலிருந்து அடுக்குங்கள்: 04-57-32 என்றால் 32ஆம் பிரிவில், 57ஆம் கட்டில், நான்காவது ஃபைல். புதியவை 100 பிரிவுகளிலும் சமமாகப் பரவும். பிரிவுக்கு ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டினால் தவறாகச் செருகியது தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஃபைலை எடுப்பவர் அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகி, யார், எப்போது என்று எழுதிவிட்டுப் போக வேண்டும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டவருக்கு 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். மூன்றாண்டுக்கு முந்தைய ஏதாவது ஒரு கேஸ் ஷீட்டை ஐந்து நிமிடத்தில் எடுக்க முடிகிறதா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். முடிந்தால், 10 படுக்கைக்குள் உள்ள மருத்துவமனைக்குப் பில்லிங் மென்பொருளும் காகித கேஸ் ஷீட்டுமே போதும் என்பது எங்கள் முடிவு. 30 படுக்கைக்குப் போதாது. அங்கே பார்மசி இருப்பும் காப்பீட்டுக் கோரிக்கைகளும் காகிதத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

மாத வாடகை மென்பொருள்

சர்வர் வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம், சட்டம் மாறினால் நிறுவனமே திருத்திக் கொடுத்துவிடும். 2022 ஜூலை 18 முதல், ஐ.சி.யூ. அல்லாத அறைக்கு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வந்தபோது, வாடகை மென்பொருளில் அது ஒரே இடத்தில் செய்யும் மாற்றம். சொந்தமாக நிறுவியவர்கள் அதற்கும் ஆள் தேடியிருக்க வேண்டும்.

பலவீனம் இணைய இணைப்பில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு ஃபைபர் லைன் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பார்கள். இரண்டு வயரும் ஒரே மின்கம்பத்தில் வந்தால், ஒரு புளியங்கிளை முறிந்து விழுந்தாலும் இரண்டும் போகும். ஒன்று ஃபைபர், மற்றது சிம் போட்ட ரூட்டர் என்று வையுங்கள். முதலாவது நின்றால் தானாகவே மற்றதற்கு மாறும்படி அமையுங்கள். யூ.பி.எஸ். விஷயத்தில் எல்லோரும் கணினிகளை நினைவில் வைப்பார்கள், ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் மறந்துவிடுவார்கள். திரை எரியும், இணைப்பு இருக்காது. அந்த இரண்டு பெட்டிகளும் சேர்ந்து 25 வாட் அளவுதான் இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியுள்ள சிறிய யூ.பி.எஸ். ஒன்றை அவற்றுக்கென்றே தனியாகக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரமாவது தாங்கும்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களில் விரல் வைத்துப் படிக்க வேண்டும். முதலாவது, "99.5 சதவீதம் இயங்கும்" என்ற வரி. மாதத்துக்கு 730 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3 மணி 39 நிமிடம். அது ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தால் அன்றைய ஓ.பி. முழுக்கப் போயிற்று. 99.9 என்றால் 44 நிமிடம். இரண்டாவது, விலகும்போது தரவை எப்படித் தருவார்கள் என்பது. "தரவு உங்களுடையது" என்று எழுதியிருந்தால் போதாது. நோயாளி பட்டியல், பில், மருந்து, லேப் முடிவு எல்லாம் அட்டவணைக் கோப்புகளாகவும், டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் படங்களும் நோயாளி எண்ணோடு இணைந்த பி.டி.எஃப். கோப்புகளாகவும், 30 நாளில், கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன்பே ஒரு மாதிரிக் கோப்பைக் கேட்டுத் திறந்து பாருங்கள். மூன்றாவது, கட்டணம் ஆள் எண்ணிக்கைக்கா, படுக்கை எண்ணிக்கைக்கா என்பது. ஆளுக்கு இவ்வளவு என்றால், செலவைக் குறைக்க வார்டு முழுக்க ஒரே பாஸ்வேர்டில் வேலை பார்ப்பார்கள். பிறகு இரவு 2 மணிக்கு இன்சுலின் அளவை மாற்றியது யார் என்று கேட்டால் திரையில் "வார்டு 1" என்றுதான் இருக்கும். அந்தப் பதிவால் நோயாளிக்கும் பயனில்லை, தவறே செய்யாத சிஸ்டருக்கும் பாதுகாப்பில்லை.

நான்காவது பொறுப்பு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் முதல் பொறுப்பைத் தரவைத் திரட்டியவர்மீதே வைக்கிறது. மென்பொருள் நிறுவனத்திடமிருந்து தரவு கசிந்தாலும் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனைதான். போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். லேப் ரிப்போர்ட்டை ரிசப்ஷனில் இருப்பவரின் சொந்தக் கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்த இது ஒன்றே போதுமான காரணம்.

சொந்த சர்வர்

திறந்த மூல மென்பொருளில் இந்தியாவிலேயே உருவாகி வளர்ந்தது பாஹ்ம்னி. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனையில்தான் முதலில் ஓடத் தொடங்கியது. உரிமக் கட்டணம் கிடையாது. வார்டுக் குறிப்புகளுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், லேபுக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் இருப்புக்கும் ஓடூ என்று மூன்று தனி மென்பொருள்கள் பின்னால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அமைப்பு இது. பலமும் சிக்கலும் அந்தப் பேச்சில்தான். டாக்டர் கேட்ட ரத்தப் பரிசோதனை லேப் திரையில் வரவில்லை என்றால், இடையில் செய்தி பரிமாற்றம் நின்றிருக்கும். தோல்வியுற்ற நிகழ்வுகளின் பட்டியலைத் திறந்து, எது சிக்கியது என்று பார்த்து, மறுபடி ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். லினக்ஸும் தரவுத்தளமும் தெரிந்தவர் ஊரிலேயே, அழைத்தால் ஒரு மணி நேரத்தில் வரும் தூரத்தில் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம். "இலவசம்" என்ற சொல்லில் மிச்சமாகும் பணம் அந்த ஒருவரின் சம்பளத்துக்குப் போய்விடும். அது நல்ல செலவும்கூட. ஆனால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் என்ன செய்வது என்பதற்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சர்வர் நம் கட்டடத்தில் இருந்தால் தரவு பத்திரம் என்ற நம்பிக்கையை 2022 நவம்பர் 23 கலைத்துவிட்டது. அன்று டெல்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, 1.3 டெராபைட் அளவு தரவு திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. ஓ.பி., அட்மிஷன், லேப் எல்லாம் நாட்கணக்கில் கையால் எழுதி ஓடின. ஒரு கணினியில் புகுந்தது மற்றவற்றுக்குப் பரவாதபடி வலைப்பின்னல் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. சிறிய மருத்துவமனையில் இந்தக் குறை எங்கே ஒளிந்திருக்கும் என்றால், லேப் கருவியோடு வந்த பழைய விண்டோஸ் 7 கணினியில். அதைப் புதுப்பித்தால் கருவி வேலை செய்யாது என்று கருவி நிறுவனம் சொல்லும், அதனால் தொடாமலே இருப்பார்கள். அதே கணினியில் யாராவது மின்னஞ்சல் பார்ப்பார்கள். லேப் கணினிகளைத் தனி வலையமைப்பில் வைத்து, இணையத்துக்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள்.

பேக்கப் மூன்று பிரதி: சர்வரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. பேக்கப் எடுத்து முடித்ததும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் பூட்ட வேண்டும். செருகியே வைத்தால் சர்வரைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் பேக்கப்பைத் திறந்து, நேற்று அட்மிட் ஆன ஒருவரின் கடைசி லேப் முடிவு அதில் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை இருப்பதாகக் கணக்கில் எடுக்கவே கூடாது.

தேசியத் தகவலியல் மையத்தின் இ-ஹாஸ்பிட்டல் மென்பொருள் அரசு மருத்துவமனைகளுக்கானது. தனியார் இதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய, மருத்துவப் பதிவுகளை மருத்துவமனைகளிடையே பகிர உதவும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தோடு இணைவது வேறு விஷயம். அதற்கு எந்த மென்பொருளிலும் வழி இருக்க வேண்டும். மூன்று கட்டங்கள் உண்டு: நோயாளியின் 14 இலக்க ஆபா எண்ணை (சுகாதாரக் கணக்கு எண்) உருவாக்கிச் சரிபார்ப்பது, நம் பதிவை வெளியே தருவது, வெளிப் பதிவை நாம் பெறுவது. "இணைந்திருக்கிறோம்" என்று சொல்லும் நிறுவனம் முதல் கட்டத்தோடு நின்றிருக்கலாம். எந்தக் கட்டம் முடிந்தது என்று குறிப்பாகக் கேளுங்கள்.

எந்த வழியானாலும் தவறு நடக்கும் மூன்று இடங்கள்

முதல் இடம், பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளியில் எழுதப்பட்ட மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கும். ஒரு ஷிஃப்டில் இருப்பவர் கடைசிப் பெயரில் "எஸ்" என்று போடுவார், அடுத்தவர் புள்ளி வைப்பார், மூன்றாமவர் அப்பா பெயரை எழுதுவார். அதே ஆள் மூன்று நோயாளி ஆகிவிடுவார். கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியலே மாறும்; சிறுவயது அலர்ஜி விவரம் பழைய இனிஷியலோடு போய்விடும். முருகன், முத்துலட்சுமி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுத நாலு விதம் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கைபேசி எண்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பெயருக்கு ஒரு கட்டம், இனிஷியலுக்குத் தனிக் கட்டம், தந்தை அல்லது கணவர் பெயருக்குத் தனிக் கட்டம். தேடும்போது முதலில் கைபேசி எண்ணைப் போட்டுக் குடும்பப் பட்டியலை எடுத்து, அதில் பிறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். வயதைச் சேமிக்கக் கூடாது, ஆண்டைச் சேமிக்க வேண்டும். 45 என்று சேமித்தால் அடுத்த ஆண்டும் 45தான். இரட்டைப் பதிவுகளை இணைக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டு பதிவு இருப்பது தொல்லை. இரண்டு பேரை ஒரே பதிவாக இணைத்துவிடுவது ஆபத்து. ரத்த வகையும் அலர்ஜியும் அடுத்தவருடையதாகிவிடும்.

இரண்டாவது, மருந்துப் பட்டியல். ஆங்கிலத்தில் எம், இ, டி என்று மூன்று எழுத்துத் தட்டினால் மெட்ஃபார்மின், மெட்டோப்ரோலால், மெட்ரோனிடசோல், மெத்தோட்ரெக்சேட் நான்கும் வரிசையாக வந்து நிற்கும். கீழே ஒரு வரி சறுக்கினால் சர்க்கரை நோயாளிக்கு வேறு மருந்து. இதில் மெத்தோட்ரெக்சேட்தான் மிகவும் அஞ்ச வேண்டியது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை கொடுக்க வேண்டியது. மென்பொருள் எல்லா மருந்துக்கும் "தினமும்" என்று தானாக நிரப்பினால், அதைக் கவனிக்காமல் விட்டால், தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போகலாம். அந்த மருந்துக்கு "தினமும்" என்ற தேர்வையே எடுத்துவிட்டு, கிழமையைக் குறிப்பிட்டால்தான் சேமிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். செய்ய முடியாது என்று சொல்லும் மென்பொருளை வாங்காதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்து 2005இல் வெளியான ஆய்வு, ஆர்டர் மென்பொருளே வழிவகுக்கும் 22 வகைத் தவறுகளைப் பட்டியலிட்டது. ஒரு நோயாளியின் எல்லா மருந்தையும் பார்க்க 20 திரை வரை புரட்ட வேண்டியிருந்ததும் அதில் உண்டு. டெமோவில் 12 மருந்து எடுக்கும் ஒருவரின் பதிவைப் போட்டு, எல்லாம் ஒரே திரையில் தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, லேப். கருவியில் வந்த எண்ணைப் பார்த்துக் கையால் தட்டினால் ஹீமோகுளோபின் 12.4 ஒரு நாள் 124 ஆகும். அது அபத்தம் என்று உடனே தெரிந்துவிடும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) அப்படியல்ல. கருவி ஆயிரங்களின் கணக்கில் 150 என்று காட்டும், டாக்டர்கள் ஒன்றரை லட்சம் என்று பேசுவார்கள், ரிப்போர்ட் 1,50,000 என்று அச்சிடும். டெங்கு காலத்தில் ஒரு பூஜ்யம் விடுபட்டால் 15,000 ஆகி, தேவையில்லாமல் பெரிய மருத்துவமனைக்கு ஓட வைக்கும். ஒன்று கூடினால் இதைவிடக் கொடுமை. கருவியிலிருந்து எண் நேராக மென்பொருளுக்குப் போகும் இணைப்பு கட்டாயம். அதற்கான செலவை மென்பொருள் விலையோடு சேர்த்துக் கேளுங்கள்; கருவிக்கு ஒன்று என்று தனியாக வாங்குவார்கள். பார்கோடு ஸ்டிக்கரைக் குழாயின் நீளவாக்கில், கோடுகள் ஏணிப்படிபோல வரும்படி ஒட்ட வேண்டும். சுற்றி வளைத்து ஒட்டினால் ஸ்கேனர் படிக்காது. நோயாளி முன்னால் நின்றுகொண்டுதான் ஸ்டிக்கர் அச்சிட வேண்டும், காலையிலேயே இருபதை அச்சிட்டு வைத்துக்கொண்டு போகக் கூடாது.

டிஸ்சார்ஜ்

மென்பொருள் வாங்குபவர்கள் பெரிதும் எதிர்பார்ப்பது, டிஸ்சார்ஜ் விரைவாகும் என்று. காலை 10 மணி ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்கிறார். நோயாளி கிளம்பும்போது மணி 4. இடையில் நடப்பதைப் பாருங்கள். மிச்சமுள்ள ஊசி மருந்துகளை சிஸ்டர் எண்ணி பார்மசிக்கு அனுப்ப வேண்டும், அங்கே ரிட்டர்ன் போட வேண்டும், டியூட்டி டாக்டர் சம்மரி எழுத வேண்டும், பெரிய டாக்டர் ஓ.பி. முடித்து வந்து கையெழுத்திட வேண்டும், பிறகுதான் கடைசி பில், அதன் பிறகு காப்பீட்டு நிறுவனம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி காப்பீட்டு நிறுவனம் டிஸ்சார்ஜ் ஒப்புதலை, கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்தக் கடிகாரம் நாம் அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதன் இணையதளத்தில் தனியாக ஏற்ற வேண்டும்; நம் மென்பொருளில் தட்டியதையே மறுபடி தட்டும் வேலை அது.

மென்பொருள் இதில் குறைப்பது பில் கூட்டும் நேரத்தை மட்டும்தான். மீதியைக் குறைக்க வேலை நேரத்தை மாற்ற வேண்டும்: முந்தைய நாள் மாலையே "நாளை போகலாம்" என்று குறித்து, இரவு ஷிஃப்டில் மருந்து ரிட்டர்னும் சம்மரி வரைவும் முடித்துவிட வேண்டும். காகிதத்திலேயேகூட இதைச் செய்யலாம். செய்த இடங்களில் மென்பொருள் நன்றாக உட்காரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

10 படுக்கைக்குள் என்றால் பில்லிங் மென்பொருளும் காகிதமும். 30 படுக்கைக்கு வாடகை மென்பொருள். ஆனால் முழுவதையும் ஒரே நாளில் மாற்றாமல், ஓ.பி. மருந்துச் சீட்டைக் கடைசி வரை பேனாவிலேயே விட்டுவைத்து, ரிசப்ஷனில் படம் எடுத்து நோயாளி எண்ணோடு சேர்ப்பது நல்லது. டாக்டர் தட்டச்சு செய்தே ஆக வேண்டும் என்றால் அருகில் ஒரு உதவியாளரை உட்கார வையுங்கள். 50 நிமிட டாக்டர் நேரத்தைவிட அவர் சம்பளம் குறைவு. சொந்த சர்வர், இரண்டு மூன்று கிளைகளும் ஐ.டி. தெரிந்த ஆளும் உள்ள அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு, இணையம் எட்டாத மலையூர்களுக்கு.

மாற்றும் வரிசை: பதிவும் பில்லும், பிறகு பார்மசி, பிறகு லேப், பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி, பிறகு வார்டு சார்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத இடைவெளி. பார்மசி தொடங்கும் முன் சனிக்கிழமை இரவு கடையை மூடி, பேட்ச் எண், காலாவதித் தேதியோடு இருப்பை எண்ண வேண்டும். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, மூன்றாமவர் பத்தில் ஒன்றை மறுபடி எண்ண. ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்கான (சில ஆன்டிபயாட்டிக் போல, கட்டுப்பாட்டோடு விற்க வேண்டியவை) தனிப் பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், மென்பொருள் அதைத் தனியாக அச்சிடுகிறதா என்று அப்போதே பாருங்கள். தொடங்கும் நாள் திங்கட்கிழமையோ மாதக் கடைசியோ வேண்டாம். காகிதமும் கணினியும் சேர்ந்து ஓடுவது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் இரண்டிலும் பாதி பாதிதான் இருக்கும்.

ரிசப்ஷனிலும் வார்டிலும் லேபிலும் ஒவ்வொரு சிவப்புப் பெட்டி இருக்கட்டும். உள்ளே எண் அச்சிட்ட ஓ.பி. சீட்டு 50, லேப் படிவம் 20, மருந்து இன்டென்ட் (பார்மசியிடம் மருந்து கேட்கும் படிவம்) 20, கார்பன் தாள், பேனா, டார்ச், முக்கியமான தொலைபேசி எண்கள். கணினி பத்து நிமிடம் நின்றால் யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறக்கலாம் என்று ஷிஃப்ட் சிஸ்டருக்கு அதிகாரம் கொடுங்கள். இணைப்பு வந்ததும் அந்தச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றுபவர், தான் தட்டும் நேரத்தைப் போடாமல், மருந்து கொடுத்த உண்மையான நேரத்தைப் போட வேண்டும். காலை 9க்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மதியம் 1 என்று பதிவானால், இரவு ஷிஃப்டில் வருபவர் அடுத்த டோஸை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுவார். மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்டியைத் திறந்து தாள்களை எண்ணி, டார்ச் எரிகிறதா என்று பார்த்து, மூடியில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும்.